சாவியின் பேச்சைக் கேட்காத கம்ப்யூட்டர்

டர்போ வண்டிக்கு எந்தக் கம்ப்யூட்டர் போடலாம் என்று என்னைக் கேட்காத மெக்கானிக் இந்தப் பக்கத்தில் குறைவு. கேட்காமல் போட்டவர்களின் வண்டிகளும் கடைசியில் என் கடைக்குத்தான் வந்தன. நான் நாலாம் வகுப்பு. நாலாம் வகுப்பையும் முழுசாக முடித்தேனா என்பதில் வாத்தியாருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் கொல்லிமலை அடிவாரத்தில் இஞ்செக்டர் வண்டியின் மூடியைப் பயமில்லாமல் திறந்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமை என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பெருமைதான்.

இப்போது கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறான். நான் ஓய்வில் இருக்கிறேன். ஓய்வு என்றால் போனில் பதில் சொல்வது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை போகிறது என்பதால், புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும், பொறி எப்போது விழ வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அமுக்கித் தள்ளலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. கணக்குத் தப்பினால் பிஸ்டன் உருகும். அப்படி உருகிய ஒன்றை என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகு வாடிக்கையாளர்கள் பேரம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனால் வழிகள் சில உண்டு. கம்பெனி கொடுத்த மாதிரியையே தேடிப் போடலாம். அல்லது நாம் எழுதிக்கொடுத்தபடி நடக்கும் முழுக் கம்ப்யூட்டராக வெளியில் வாங்கலாம். வெளியில் வாங்குவது என்று முடிவானதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை குதிரை சக்தி ஏறும் என்பது. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், சின்னராசுவின் வண்டி வரும்வரை.

சின்னராசு மலைமேல் எடப்புளி நாட்டுக்காரர். ஐம்பது வயது. அடிவாரத்து ஊர்களிலிருந்து மலைப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் டீச்சர்கள் நாலு பேரைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிவிடுவது அவர் பிழைப்பு. மிளகு கொஞ்சம், மரவள்ளி கொஞ்சம் உண்டு. ஆனால் வீடு ஓடுவது அந்தக் காரில். கோயமுத்தூரில் பந்தயம் விட்டுப் பழகிய ஒருவரிடமிருந்து வாங்கிய டர்போ பெட்ரோல் கார். நாலு டீச்சர்களோடு எழுபது கொண்டை ஊசி வளைவையும் மூச்சு வாங்காமல் ஏறும். ஒரு மழையில் முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கிக் கம்ப்யூட்டர் செத்தது. வண்டியை லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

"ஏனுங்ணா, டர்போ ரெண்டு தடவ மாத்தியாச்சு. இப்ப கம்ப்யூட்டரும் போச்சு. இந்த வண்டிக்கு என்னமோ தோசமுங்க" என்றார்.

"எறங்கறப்ப என்ன பண்றே?" என்று கேட்டேன்.

"எறங்கறப்ப என்னங்ணா பண்றது? சோளக்காடு தாண்டிச் சாவியத் திருப்பி நிறுத்திருவேன். அப்பறம் அடிவாரம் வந்துதான் மறுபடி ஸ்டார்ட்டு."

அந்த மலையில் இது ஒரு வழக்கம். பழைய ஜீப் காலத்திலிருந்து வருகிறது. இறக்கம் தொடங்கியதும் இஞ்சினை அணைத்துவிட்டு, சும்மா உருண்டு கீழே வருவார்கள். டீசல் மிச்சம் என்பது சாக்கு. யார் கடைசி வளைவுவரை ஸ்டார்ட் பண்ணாமல் வந்தார் என்பதுதான் மலைமேல் சோளக்காட்டு ஜீப் ஸ்டாண்டில் பேச்சு. வாலிபத்தில் இதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. என்னோடு போட்டி போட்டவர் இப்போது பல்செட் வைத்திருக்கிறார்.

ஜீப் வேறு, இது வேறு. சூடாக இருக்கும் டர்போவுக்கு எண்ணெய் தள்ளுவது இஞ்சின். இஞ்சின் நின்றால் எண்ணெய் நிற்கும், டர்போ கருகும். ரெண்டு டர்போவின் தோசம் அதுதான். டர்போ போனால் மாற்றிக்கொள்ளலாம். பிரேக் மிதியை லேசாக்கித் தருவதும் இந்த இஞ்சின்தான். அது நின்ற பிறகு ரெண்டு மூணு தடவை மிதிக்கலாம். அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஸ்டீயரிங்கும் அப்படியே. எழுபது வளைவில் ரெண்டு மூணு மிதி எந்த மூலைக்கு?

இதையெல்லாம் சின்னராசுவிடம் சொன்னேன். "சரிங்ணா, சரிங்ணா" என்று நன்றாகத் தலையாட்டினார். அவ்வளவு நன்றாகத் தலையாட்டுபவர்கள் கேட்பதில்லை.

மறுநாள் அவர் சம்சாரம் பாப்பாத்தி கடைக்கு வந்தது. சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசியும் மிளகும் விற்கும் அம்மா. வந்ததும் ஒரு பலாப்பழத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, சின்னராசு பக்கத்தில் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டது.

"கம்ப்யூட்டரு மாத்தறீங்களாமா?"

"ஆமாங்க."

"அதுல அவரு சாவியத் திருப்பறத நிறுத்தற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருபது வருஷமாக எத்தனையோ பேர் என்னிடம் கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு வசதியை யாரும் கேட்டதில்லை.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"போன மாசம் வளைவுல பிரேக்கு புடிக்காம செவுத்துல ஒரசிட்டாராமுங்க. டயரு வழுக்குச்சுன்னு எங்கிட்டச் சொன்னாரு. பழம் வாங்க வந்த டீச்சருதான் நெசத்தச் சொன்னாங்க. நாலு பொம்பளைங்க அதுல வாராங்க. கொழந்த குட்டிக்காரிங்க. நான் சொன்னா, உனக்கென்ன தெரியும்னு இன்னும் வேகமாத் திருப்புவாரு. வண்டி ஓட்டாதீங்கன்னு சொன்னா ஊட்ல அடுப்பெரியாது. உங்ளுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே, ஏதாச்சும் பண்ணுங்க சாமி. நான் வந்தத மட்டும் அவருகிட்டச் சொல்லிராதீங்க."

எல்லாம் தெரியும் என்று அந்தம்மாவுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததுதானே.

அப்போது என் முன்னால் மூன்று கம்ப்யூட்டர் பெட்டிகள் இருந்தன. ஒன்று, இதே மாதிரிக் காரிலிருந்து கழற்றிய கம்பெனிப் பெட்டி. நல்ல நிலையில் இருந்தது, உடனே மாட்டலாம். இன்னொன்று, காரை விற்ற பந்தயக்காரர் தானே அனுப்பி வைத்த பெட்டி. கலர் கலராகத் திரை. நின்ற இடத்திலிருந்து பாய்வதற்கென்றே அதில் ஒரு வசதி உண்டு. டீச்சர்களுக்கு அது தேவைப்படாது. மூன்றாவது, கறுப்பாக, பேர் தெரியாத ஒன்று. அதைக் கொண்டுவந்தவள் அகிலா. கோயமுத்தூர்ப் பெண், இன்ஜினியர். லேப்டாப்பை மாட்டி இந்த மாதிரிப் பெட்டிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது அவள் தொழில். ஒயரிங் நான், கணக்கு அவள் என்று பல வண்டிகளைச் சேர்ந்து பார்த்திருக்கிறோம். கெட்டிக்காரி. என்னோடு வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

குதிரை சக்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அவளிடம் கேட்டேன். "கண்ணு, ஓடிட்டிருக்கறப்ப சாவியத் திருப்புனா இந்த மூணுல எது சாகும், எது சாகாது?"

அவள் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக் காட்டினாள். "கம்பெனிப் பெட்டியும் பந்தயப் பெட்டியும் அதே நொடி செத்துருங்கய்யா. சாவி வழியாத்தான் அதுகளுக்குக் கரண்டு. இந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பேட்டரியிலருந்து நேராக் கரண்டு குடுக்கலாம். சாவி ஒரு தகவல் மட்டுந்தான். இஞ்சின நிறுத்தறதா வேண்டாமான்னு அதுவே முடிவு பண்ணும்."

"வண்டி உருண்டுட்டிருந்தா நிறுத்தாதேன்னு எழுத முடியுமா?"

"முடியுங்க. நின்னதுக்கப்பறம்கூட டர்போ ஆறட்டும்னு ஒரு நிமிசம் ஓடவிட்டு நிறுத்தச் சொல்லலாம்."

"அப்ப இதுதான். அவனுக்குச் சொல்லாம மாட்டிருவோம்."

அகிலா லேப்டாப்பை மூடினாள். "சொல்லாம மாட்டறதா இருந்தா நான் பண்ணலீங்கய்யா. அவசரத்துக்கு நிறுத்தணும்னு அவரு நெனச்சு, வண்டி நிக்கலைன்னா? பொகை வந்தா? தனியா ஒரு சுவிட்ச் வேணும். அமுத்துனா எந்த வேகத்துலயும் இஞ்சின் நிக்கணும். அதையும் அவருகிட்டச் சொல்லித்தான் குடுக்கணும்."

சிவப்புச் சுவிட்ச் வைக்க வேண்டும் என்பது அவள் யோசனை. அதை எங்கே வைப்பது என்பது என் யோசனை. முன் சீட்டில் இடதுபக்கம், கதவோரமாக வைத்தேன். அந்தக் காரில் அது தலைமை டீச்சரின் இடம். வயதிலும் சர்வீஸிலும் மூத்தவர். வேறு யாரும் அங்கே உட்காரமாட்டார்கள். ஓட்டுபவர் நன்றாகச் சாய்ந்தால் சுவிட்ச் கைக்கு எட்டும். ஆனால் வளைவில் யாரும் சாயமாட்டார்கள். வண்டி நின்றுவிட்டால் சாவிக்குப் பழைய மரியாதை. ஓடும்போது இஞ்சினை நிறுத்த வேண்டுமானால் டீச்சரைக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் சின்னராசுவிடம் சொன்னோம். தலையாட்டினார். "சாவியத் திருப்புனா நிக்காத இஞ்சினு எங்கீங்ணா இருக்குது?" என்று சிரித்தார்.

சோதனைக்குக் கிளம்பினோம். சின்னராசு ஓட்டினார். தலைமை டீச்சரின் சீட்டில் நான். பின்னால் மடியில் லேப்டாப்போடு அகிலா. ஏறும்போதே அவள் கணக்கைத் திருத்திக்கொண்டு வந்தாள். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, அடிவாரத்தில் எழுதின கணக்கு மலையில் செல்லாது. அதை விவரமாக எழுதமாட்டேன். தெரிய வேண்டியவர்கள் அவளிடம் போய்ப் பழகிக்கொள்ளலாம்.

சோளக்காட்டில் டீ குடித்துவிட்டுக் காரைத் திருப்பினோம். ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் பெரியசாமி, பானெட்டில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்தார்.

"ஏனப்பா சின்னராசு, கூட ரெண்டு பேரு எதுக்கு? தள்றதுக்கா?"

"உன்ற ஜீப்ப இழுக்கறதுக்கு" என்றார் சின்னராசு. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் இறக்கம் வந்தது. சின்னராசுவின் கை தானாகச் சாவிக்குப் போனது. திருப்பினார். மீட்டர் விளக்குகள் அணைந்தன. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்ணா, நிக்கலைங்க."

"நிக்காதுன்னு சொன்னனே."

"சொன்னீங்க. சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன்."

மறுபடி திருப்பினார். மறுபடியும் நிற்கவில்லை. வளைவு முடிந்ததும் ஓரம்கட்டி நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது.

"வண்டி என்னுது. சாவி என்னுது. எம்பட பேச்சக் கேக்காத பெட்டி எனக்கெதுக்குங்ணா? அந்தக் கம்பெனிப் பெட்டியவே மாட்டிக் குடுங்க. இல்லீன்னா சேலத்துல போயி மாட்டிக்கறேன்."

தம்பிகளே, தொழிலில் சிக்கல் என்பது இந்த மாதிரி நேரம்தான். போல்ட் உடைவதெல்லாம் சிக்கல் இல்லை. அவர் சேலம் போனால் சாயங்காலத்துக்குள் ஒரு கம்பெனிப் பெட்டி ஏறிவிடும். மறுநாள் டீச்சர்கள் அதில் உட்கார்வார்கள். சம்சாரம் வந்துபோன கதையைச் சொன்னால் வீட்டில் சண்டை, பிறகு பிடிவாதத்துக்கே திருப்புவார். பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பாடம் நடத்தலாம் என்றால், முப்பது வருஷமாக அதே ரோட்டில் ஓட்டுகிறவரிடம் அது எடுபடாது. நான் பின்சீட்டுப் பக்கம் திரும்பினேன்.

"கண்ணு, எறங்கறப்ப எவ்வளவு பெட்ரோல் குடிக்குதுன்னு இவருக்குக் காட்டு" என்றேன்.

அகிலா லேப்டாப்பை முன்னால் நீட்டினாள். "ரெண்டாவது கியர்ல போட்டு, ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு எறங்குங்க. பெட்ரோல் உடற இஞ்செக்டர் தொறக்கறதே இல்லைங்க. பெட்ரோல் சைபர்."

"இஞ்சினு ஓடறப்பவே சைபருங்களா?"

"ஆமாங்க. சக்கரந்தான் இஞ்சினச் சுத்துது. நியூட்ரல்ல உட்டாத்தான் குடிக்கும்."

நம்பவில்லை. ரெண்டாவது கியரில் வண்டியை இறக்கிப் பார்த்தார். கியர் இஞ்சினைப் பிடித்துக்கொண்டு வண்டியை அடக்கமாக இறக்கியது. அவர் திரும்பித் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தார்.

"கண்ண ரோட்டுல வையப்பா. சைபரு எங்கயும் போயிராது" என்றேன்.

இன்னும் கொஞ்சம் வளைவுகள் இறங்கினோம். ஓரிடத்தில் அவராகவே வண்டியை மெதுவாக்கி நிறுத்தினார். தடுப்புச் சுவரின் வெள்ளைப் பூச்சில் நீளமாக ஒரு கீறல். அவருடைய காரின் நிறம் அதில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"இங்கதானுங்ணா" என்றார்.

"என்ன இங்க?"

"பெடலு கட்டையாட்டம் ஆயிருச்சு. ரெண்டு காலையும் வெச்சு ஏறி நின்னேன். அந்தப் பக்கம் பாருங்க, ஒண்ணுமே இல்ல. ஆகாசந்தான். பின்னாடி டீச்சருங்க பரிச்சப் பேப்பரப் பத்திப் பேசிட்டு வந்தாங்க. அவங்க பேச்சு நின்ன சத்தம் இன்னும் காதுல இருக்குதுங்ணா."

அகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது நடந்தப்பறமும் எதுக்குச் சாவியத் திருப்பறே?" என்று கேட்டேன்.

"சோளக்காட்டுல எல்லாரும் காது குடுத்துட்டு நிப்பாங்ளே. சத்தம் நிக்கலைன்னா, சின்னராசு பயந்துட்டான்னு அடுத்த வண்டிக்கு முன்னாடி பேச்சு கெளம்பிரும். பயந்தது நெசந்தானுங்க. அதுக்காக ஊரே பேசணுமா? ஊட்லகூடச் சொல்லல. பாப்பாத்திகிட்ட நீங்க சொல்லிராதீங்க."

அவரிடம் சொல்லாதே என்று அந்தம்மா. அந்தம்மாவிடம் சொல்லாதே என்று இவர். ரெண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் நான் மட்டும் எல்லாம் தெரிந்தவனாக உட்கார்ந்திருந்தேன். அது எனக்குப் பழக்கமான நிலைதான்.

"நீ எதுக்குப் பயப்படோணும்?" என்றேன். "சோளக்காட்டுல எப்பவும் போலச் சாவியத் திருப்பு. எல்லாரும் பாக்கற மாதிரித் திருப்பு. அது நிக்காது. கேட்டா, நான் திருப்பறேன், கம்ப்யூட்டரு உடமாட்டேங்குதுன்னு சொல்லு."

சின்னராசு என்னை நேராகப் பார்த்தார். "பழிய அதுமேல போட்டுரலாமுங்களா?"

"அதுக்குத்தானப்பா வாங்கறே."

கறுப்புப் பெட்டி அந்த வண்டியிலேயே தங்கியது.

முதல் வாரத்தில் ஒருநாள், பழக்கதோஷத்தில் சின்னராசு, "டீச்சர், அந்தச் சுவிட்சக் கொஞ்சம் அமுத்தறீங்களா?" என்று கேட்டுப் பார்த்தாராம். தலைமை டீச்சர் கணக்குப் பாடம் எடுப்பவர். "எதுக்கு?" என்றாராம். அதோடு சரி. பாப்பாத்தி போன் பண்ணி, "இப்பெல்லாம் சத்தத்தோடவே எறங்கறாராமுங்க, டீச்சரு சொன்னாங்க" என்றது. எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி, "அப்படீங்களா?" என்றேன்.

அதற்குப் பிறகு எந்த வண்டிக்குக் கம்ப்யூட்டர் தேர்வு செய்தாலும் நான் கேட்டது ஒன்றுதான். இதை ஓட்டுபவர் தினமும் செய்யும் தப்பு என்ன, அந்த நேரத்தில் இந்தப் பெட்டி என்ன செய்யும்? குதிரை சக்தியை அப்புறம் பேசலாம். ஓட்டுபவரிடம் மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. அவரோடு வண்டியில் உட்கார்கிறவர்களையும், அவருக்காக வீட்டில் காத்திருக்கிறவர்களையும் கேளுங்கள். கடைக்காரன் விவரச் சீட்டில் இது இருக்காது. என்னைப் போல யோசிக்கிறவர்கள் விவரச் சீட்டு எழுதுவதில்லை.

ரெண்டு மாதம் கழித்துப் பெரியசாமி கடைக்கு வந்தார். ஜீப்பை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"ஏனுங்ணா, சின்னராசுக்கு ஒரு பெட்டி வெச்சீங்களாமா, இஞ்சின நிறுத்த உடாதாமா?"

"ஆமா."

"நம்ம ஜீப்புக்கு ஒண்ணு வெக்கோணுமுங்க."

"பெரியசாமி, உன்ற ஜீப்புல கம்ப்யூட்டரே கெடையாது. பழைய டீசல். அதுல எதயும் மாட்டறதுக்கு எடமே இல்ல."

அவர் போகவில்லை. அங்கே தொங்கிய ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "பேத்தி இப்ப எங்கூட ஜீப்புல பள்ளிக்கூடம் வருதுங்ணா" என்றார்.

அலமாரியில் உதவாமல் கிடந்த பெட்டி ஒன்றை எடுத்துத் துடைத்தேன். ஜீப்பின் டேஷ்போர்டுக்குக் கீழே, பக்கத்தில் உட்கார்கிறவர் கண்ணில் படும்படி நாலு திருகாணி போட்டு முடுக்கினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இதுக்கு ஒயரு வேண்டாங்களா?"

"வேண்டாம்."

"சரிங்ணா" என்றார்.

அன்றிலிருந்து பெரியசாமியும் இறக்கத்தில் இஞ்சினை அணைப்பதில்லை. சோளக்காட்டில் யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் விடமாட்டேன் என்கிறது என்று சொல்கிறாராம். நான் மாட்டிய பெட்டிகளில் இதுவரை ரிப்பேருக்கு வராதது அது ஒன்றுதான்.